காலியாகத் திரும்பும் வண்டி

என் அண்ணிக்கு ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் வேலை. வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் தும்மினால்கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திட்டுவார்.

எங்கள் நாட்டில் வைத்தியத்துக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம். எல்லோருடைய வரியும் சுகாதார நிதிக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதிலிருந்துதான் பணம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஒரு கோணல் விதி இருந்தது. நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினால்தான் காசு. வீட்டிலேயே பார்த்துவிட்டுத் திரும்பினால் சல்லிக்காசு கிடையாது.

அண்ணியோ அவசியமில்லாமல் யாரையும் ஏற்றமாட்டார். தையல்காரர் சர்க்கரை இறங்கி மயங்கினால் அங்கேயே குளுக்கோஸ் ஊசி போட்டு, சாப்பிட வைத்து, மறுபடி அளந்து, டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார். தச்சருக்கு மூச்சிரைத்தால் முகமூடி மாட்டி மருந்து கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, சிகரெட் பிடித்ததற்காக வறுத்தெடுப்பார். வண்டி காலியாகத் திரும்பும். தெருவே கேலி செய்தது.

அந்தக் காலி வண்டிதான் மேலிடத்தின் கண்ணில் பட்டது. வேலையே நடக்கவில்லை, எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடப்போகிறோம் என்றார்கள். அதற்கு முன் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். அடுத்த நிலையம் ஆற்றுக்கு அக்கரையில். பாலத்தில் நெரிசல் என்றால் வண்டி வருவதற்குள் உயிர் போய்விடும். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி வைத்தியம் பார்த்தவர்களை நான் வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு அழைத்தேன். வராவிட்டால் நடக்கிறதே வேறு என்றும் சொல்லி வைத்தேன்.

"நோயாளியே இல்லாத நிலையத்துக்கு மக்கள் பணத்தை எப்படிக் குடுக்கிறது?" என்று கூட்டத்தில் நிதி அதிகாரி கேட்டார். விதிப்படி நியாயமான கேள்விதான்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். மண்டபம் நிரம்பி வாசல்வரை ஆட்கள்.

"எந்திரிங்க," என்றார். அத்தனை பேரும் எழுந்தார்கள். "சார், இவங்கதான் என் நோயாளிங்க. ஏத்திட்டுப் போயிருந்தா எங்களுக்குக் காசு வந்திருக்கும், உங்க ஆஸ்பத்திரியில பெட் மிஞ்சியிருக்காது. வீடு எரிஞ்சாத்தான் தீயணைப்பு வண்டிக்குப் பணம்னு சொல்வீங்களா?"

அதிகாரி நின்றவர்களை எண்ணத் தொடங்கினார். ஒரு படுக்கைக்கு என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நிலையத்தை மூடவில்லை. அடுத்த ஆண்டு விதியே மாறியது. வண்டி தயாராக நிற்பதற்கும் பணம், வீட்டிலேயே குணப்படுத்தினால் அதற்கும் பணம். நாடு முழுக்க எல்லா நிலையத்துக்கும் அப்படித்தான்.

சேதி வந்த அன்று அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இனிமே எவனும் ஏன் ஏத்தலன்னு என்னைக் கேக்க முடியாது. ஏன் ஏத்தினேன்னுதான் கேக்கணும்."