ஒரே எண்ணில் இரண்டு கடைகள்

தீபாவளிக்கு முந்தைய வாரம். சிராங்கூன் சாலைக் கூட்டத்தின் இரைச்சல் எங்கள் மாடி அலுவலகம் வரை ஏறிவந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரின் டிஸ்க் நிரம்பப் போகிறது.

கடைகளின் ஆர்டர்களையும் கேமராப் பதிவுகளையும் சேமித்துவைக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஒரே சர்வர், அதற்குள் கடைக்கொரு கன்டெய்னர். வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவதுபோலத்தான். ஆனால் டிஸ்க் எல்லோருக்கும் பொது. பூன் லே மளிகைக்கடையின் கேமராப் பதிவுகள் அதைத் தின்றுகொண்டே போயின. முழுசும் நிரம்பினால் அத்தனை கடையும் நின்றுவிடும்.

"மளிகைக்குக் கோட்டா போட்டுரு லா," என்றார் முதலாளி. "இதுக்கு மேல இடம் கிடையாதுன்னு அடைச்சிரு."

"வேற ஏதாச்சும் நின்னுட்டா, பாஸ்?"

"லிஃப்ட் ஏறவே பயப்படற ஆளுப்பா நீ. போடு."

உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். ஆங்கிலக் கையேட்டில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் கை நகரும். படித்துவிட்டு, மளிகைக்கடையின் கோப்புகளை சர்வர் அடையாளம் காணும் கோட்டா எண்ணுக்கு வரம்பு போட்டேன். கேமராப் பதிவு நின்றது.

உடனே ஃபோன் அடித்தது. ஈசூன் வட்டாரத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் அக்கா, அவரும் எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு வருஷ வியாபாரமே இந்த ஒரு வாரம்தான்.

"தம்பி, ஒரு ஆர்டரும் சேவ் ஆக மாட்டேங்குது! என்ன பண்ணி வச்சே?"

அவருடைய கன்டெய்னரை நான் தொடவே இல்லையே? தேடிப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே கோட்டா எண். புதுக் கடை வந்தால் பழைய கன்டெய்னரை அப்படியே நகலெடுத்துப் பெயரை மாற்றுவது எங்கள் பழக்கம். பெயர் மாறியிருந்தது, எண் மாறவில்லை. இருவர் கோப்புகளையும் ஒன்றாகக் கணக்குப் போட்டு, சர்வர் இருவரையுமே அடைத்துவிட்டது.

வரம்பை எடுத்தால் கேமரா மறுபடி தின்னத் தொடங்கும். அக்காவின் கோப்புகளுக்குத் தனி எண் கொடுக்க வேண்டியதுதான். கட்டளையை அடித்தேன். திரையில் ஒன்றும் அசையவில்லை.

"வாசல்ல ஒரு அம்மா நிக்குது, தம்பி. மூஞ்சி மாறுது."

"பேப்பர்ல எழுதிக்கிறீங்களாக்கா?"

"எழுதினா எங்க வீட்டுக்காரரு அதுல வடை வச்சுத் தின்னுருவாரு!"

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

கட்டளை முடிந்தது.

"இப்பப் போடுங்கக்கா."

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அதிரசம் நாப்பது... ஏறிருச்சுப்பா."

"இன்னொண்ணு போட்டுப் பாருங்க."

"ஆள் வந்தாத்தானே போடுவேன்? நீ வாங்கறியா?"

"முறுக்கு ஒரு டப்பா. போடுங்க."

அந்த முறுக்கு ஆர்டர் சேமிக்கப்பட்டதை என் திரையில் பார்த்த பிறகுதான் ஃபோனை வைத்தேன்.