கேளாமல் எழுதிய நேரம்

தொண்ணூறுகளின் நடுவில், சர்க்கரை நோயை வருமுன் தடுக்கும் மாத்திரையை மனிதரிடம் சோதிக்கும் ஓர் ஆய்வுக்காக ஆக்லாந்தில் ஆள் சேர்த்தேன். வெள்ளைக்காரரைக் கண்டால் ஆபிரிக்க அகதிகள் கதவைச் சாத்தினார்கள். ஆகவே ஆய்வை நடத்தியவர்கள் என் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் நாங்கள் பதிகம் ஓதக் கூடும் வீட்டில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "கறுவலுகளைப் பிடிக்கக் கறுவலைத்தானே அனுப்ப வேணும். ஐயாவை விட்டா வேற ஆர் இருக்கினம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சோமாலியர் அகப்பட்டார். ஊரில் பள்ளி ஆசிரியர். இங்கே தொழிற்சாலையைக் கூட்டுபவர். அவருடைய தமையனின் காலைச் சர்க்கரை நோய் தின்றிருந்தது. பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதான் என்றேன். பாதி நம்பிக்கை போதும் என்றார். எலிகளாக்கிவிடுவார்கள் என்று அஞ்சிய எட்டுப் பேரை, "இந்தப் பெரியவர் கடவுளுக்கு அஞ்சுபவர்" என்று தேற்றி அழைத்து வந்தார்.

இரத்தம் எடுக்குமுன் பத்து மணி நேரம் உண்ணாதிருத்தல் விதி. அவர்களுடைய நோன்பு மாதம் பிறந்ததும் மகிழ்ந்தேன். நான் விரத நாளுக்கு முந்தின இரவே அடுப்பை அணைத்துவிடும் குடியில் பிறந்தவன். நோன்பாளியின் விடியல் வெறும் வயிற்றோடு என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். 'கடைசியாக உண்ட நேரம்' என்ற கட்டத்தில், ஒருவரையும் கேளாமல், ஒன்பது தாள்களிலும் 'முன்னிரவு' என்று நானே எழுதினேன்.

பதிவைக் கவனித்த தமிழ்நாட்டுத் தாதி மறுவாரம் என்னை அழைத்தாள். "ஐயா, ஆறு பேருக்குச் சர்க்கரை வந்தாச்சு. உங்க வாத்தியாருக்கும்தான். நோய் வந்தவங்களுக்கு இந்த ஆய்வுல இடமில்ல. நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். ஆசிரியர் என் கையைப் பற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "அன்றைக்கு விடியுமுன் சாப்பிட்டேனே, பேரீச்சம்பழமும் இனிப்புத் தேநீரும்? அதனால் இருக்குமோ? இருட்டில் உண்டுவிட்டுத்தானே நாங்கள் நோன்பைத் தொடங்குவோம்!"

உள்ளே திரும்பி, அவர் சொன்னதைத் தாதியிடம் ஒப்பித்தேன். அவள் நிமிர்ந்தாள். "சாப்பிட்டாங்களா? ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தானே எழுதினீங்க?"

ஒரு சொல் போதும். மறுநாளே மீண்டும் சோதித்திருப்பார்கள். என் வேலை போயிருக்கும்.

"ஓம் பிள்ளை, கேட்டுத்தான் எழுதினனான்."

"அப்ப அந்த ஆள் மாத்திரைக்காகப் பொய் சொல்றாரு."



வெளியே வந்து, "முடியாதாம்" என்றேன். அவர் திரும்பி நடந்தார். எஞ்சிய மூவரும் அதன்பின் வரவில்லை. நோயைத் தம் தலையில் கட்டிவிட்டதாக அவருடைய ஆட்களே அவரை ஏசினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அன்று மாலையும் விளக்கேற்றிப் பதிகம் ஓதினேன். அடியேன் பொய்யன் என்று இறைவன் முன் அழும் பாடல்கள் நம்மிடம் ஏராளம்; இனிய பண்ணில் அமைந்தவை. என் நா ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

ஆண்டிறுதி அறிக்கைக்கு, அந்தச் சமூகத்தைப் பற்றி ஒரு வரி கேட்டார்கள். 'அவர்கள் தரும் விவரங்களை நம்புவதற்கில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள்.