தங்கமணியின் நீலப் பந்தல்

வேதாரண்யத்து உப்பளங்களில் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரியவர் தங்கமணி. நாற்பத்தாறாவது வயதில் இரண்டு பாதங்களிலும் புண் வந்து ஆறவேயில்லை. இனி உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். வேலையில்லாத கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை என்பார்.

அப்போதுதான் துரைராசு ஆள் விட்டுக் கூப்பிட்டார். கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு தஞ்சாவூரில். ஆசைக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கிக் கால்வாய்க் கரையில் கட்டியிருந்தார். வாரம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் கழுவித் துடைக்க ஆள் வேண்டும். படகுக்குப் பொம்பளையா காவல் என்று கரையில் சிலர் சிரித்தார்கள். தங்கமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீரில் செய்கிற வேலை. கால் ஆறிவிடும் என்று நினைத்தார். ஆறவும் செய்தது.

படகின் பின்பக்கம், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கு மேலே, வளைந்த இரண்டு கம்பிகளில் வெயிலுக்காக ஒரு நீலத் துணி கட்டியிருக்கும். துரைராசு அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்வார். தங்கமணிக்கு அது பந்தல். துரைராசு ஊர் திரும்பியதும் அதை அவிழ்த்து, அலசிக் காயவைத்து, மடித்துப் பையில் போட வேண்டும். நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு உண்டு. மடிப்பு விழுந்தால் அது வெடித்துவிடும் என்று பார்த்ததுமே தங்கமணிக்குப் புரிந்தது. அதன்மேல் பழைய வேட்டியை விரித்துச் சுருட்டுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம், ஐப்பசியில் ஒரு மதியம், பந்தலைக் கம்பியோடு கட்டும் பட்டைகளில் கைக்கு எட்டிய பக்கத்தில் இருந்ததை முதலில் அவிழ்த்தார். அது காற்று வருகிற பக்கம். துணி உப்பிக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. கம்பி நெற்றியில் அடித்தது. தையலோடு ஒரு முழம் கிழிந்தது. வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் துரைராசுக்குப் போன் செய்தார்.

“உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?” என்றார் அவர்.

“நெத்தியில லேசா, சார். துணிதான் போச்சு.”

“துணியத் தச்சுக்கலாம். நானே ரெண்டு தடவை கிழிச்சிருக்கேன்.”

தங்கமணிக்குத் தன்மேல்தான் கோபம். வீட்டில் கணவர் ரெத்தினத்திடம் சொன்னார்: “உப்பு அம்பாரத்துல எத்தனை வருசம் தார்ப்பாய் பிரிச்சிருக்கேன். காத்துப் பக்கத்தைக் கடைசியாத்தான் அவுக்கணும்னு எனக்குத் தெரியாதா? படகுன்னதும் புத்தி மறந்துடுச்சு.”

அடுத்த மாதம், கார்த்திகையில், துரைராசு உறவினர்களோடு வருவதாகச் சொல்லியிருந்ததால், முதல்நாள் காலையிலேயே தைத்த பந்தலைக் கட்டி வைத்தார். பத்து மணிக்கெல்லாம் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. துரைராசு பதறிப்போய்ப் பேசினார். பந்தல் போனால் போகட்டும், படகில் ஏற வேண்டாம் என்றார். தங்கமணி கரைக்குப் போய் நின்று பார்த்தார். காற்று அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பந்தலை அப்படியே விட்டால் அதுவே ஒரு பாயாகிப் படகை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ரெத்தினம் கரையில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தங்கமணி ஏறி, காற்று போகிற பக்கத்துப் பட்டைகளை முதலில் அவிழ்த்தார். துணி கொடி மாதிரி படபடத்ததே தவிர உப்பவில்லை. ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே காற்றுப் பக்கம் வந்து, கடைசிப் பட்டையை விட்டு, மடியில் அமுக்கி உட்கார்ந்துகொண்டார். கம்பிகளைப் படுக்க வைத்துக் கட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருவரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது படகு கட்டிய இடத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த இரண்டு சுற்றுலாப் படகுகள் கயிறறுத்துக் கரையேறிக் கிடந்தன. அவற்றின் பந்தல் துணி கருவேல மரத்தில் கந்தலாகத் தொங்கியது. அந்தப் படகுக்காரர்கள் வாரக் கடைசியில் தங்கமணியைத் தேடி வந்தார்கள். எங்க படகையும் பாத்துக்கிறீங்களா என்று கேட்டார்கள்.

“பாக்குறேன். ஆனா தனியா முடியாது. என்கூட ஒரு ஆள் வரும்” என்றார் தங்கமணி.

உப்பளத்தில் அவரோடு வேலை செய்த நீலாம்பாளுக்கும் அப்போது காலில் புண் தொடங்கியிருந்தது. தைப் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து படகு வேலைக்குப் போனார்கள்.