மூன்று மாதம் வெறும் நெற்றி

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உறவுக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. உள்ளே நுழைந்ததும் என் கணவரின் அக்கா நேராக என் வெறும் நெற்றியைப் பார்த்தார். ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் உனக்குப் புத்தி வந்துச்சேம்மா. தம்பி மேல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருப்பான்."

எனக்கோ பசி. "சாப்பாடு எங்க அண்ணி?" என்றேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு... கணவர் போய் நான்கு வருடமாகிறது. காரியத்தன்று இதே அண்ணிதான் என் பொட்டை எடுக்க வந்தார். நான் விடவில்லை. "அஞ்சு வயசுல இருந்து வைக்கிறேன் அண்ணி. அவர் குடுத்தது இல்ல, அவரோட போறதுக்கு" என்றேன். ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீடுகளில் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். போனேன் — பொட்டோடு. இந்தப் பத்திக்கு மேலே என் படத்தில் இருக்கிறதே, அதே பொட்டு.

பிறகுதான் நெற்றியில் அரிப்பு ஆரம்பித்தது.

நம் ஆட்களுக்கு அரிப்பு என்றாலே சாப்பாடுதானே? கருவாட்டை நிறுத்தினேன். கத்தரிக்காய், இறால் எல்லாம் போனது. "உடம்புச் சூடு" என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி. பார்லித் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன். சிவப்பு குறையவே இல்லை. சிவந்த இடம் வெளியே தெரியக் கூடாதே என்று அடுத்த சைஸ் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். சிவப்பு அதையும் தாண்டியது. அதற்கும் அடுத்த சைஸ்...

"இதுக்கு மேல சைஸ் இல்லக்கா" என்று பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரப் பெண் கையை விரித்துவிட்டாள். 'உங்கள் பொட்டு கம்பீரமாக இருக்கிறது' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கம்பீரமாம்! உள்ளே எரிந்தது எனக்குத்தானே தெரியும்.

ஒருநாள் பொட்டை உரித்தால் நடுவில் தோல் வெளுத்திருந்தது. பயந்துபோய் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். சீனப் பெண், சின்ன வயது. என் கைப்பையில் இருந்த பொட்டு அட்டையை வாங்கி நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியையும் என் கையில் கொடுத்தார்.

"நாட் ஃபூட் லா, ஆன்டி. லுக் அட் த ஷேப்."

அச்சு அசல் அதே வட்டம். ஒரு வருடமாகக் கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, அங்கே தண்ணீர் படக் கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து எடுத்தார். அதன்பின் மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்தார். பொட்டின் பின்பக்கப் பசை தொட்ட இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. ஒரு களிம்பு கொடுத்தார். மூன்று மாதம் நெற்றியில் எதுவுமே கூடாதாம். அதற்குப் பிறகு குங்குமம் என்றாலும் முதலில் சில நாள் கையின் உள்பக்கத்தில் தடவிப் பார்க்க வேண்டுமாம். வெளுத்த தோல் நிறம் பிடிக்க நாளாகும், பிடிக்காமலும் போகலாம் என்றார்.

"சின்னதா ஒண்ணு?" என்று கெஞ்சினேன்.

"நோ, ஆன்டி."

கார் பார்க்கில் உட்கார்ந்து அழுதேன். வெளுத்த தோலுக்காக இல்லை. நான்கு வருடம் மல்லுக்கட்டி, கடைசியில் அண்ணி ஜெயித்துவிட்டாரே என்றுதான்.

உங்களுக்கும் எங்காவது அரித்தால், முதலில் அது எந்த இடம், என்ன வடிவம் என்று பாருங்கள். வாட்ச் வாருக்கு அடியிலா? தோடு போட்ட இடத்திலா? தலைச்சாயம் பட்ட காதோரத்திலா? அங்கே தொட்டுக்கொண்டிருக்கும் பொருளை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். என்னைப் போல அதையே பெரிதாக வாங்கி மறைக்காதீர்கள்.

கிள்ளானில் அண்ணியிடம் சொல்லத்தான் செய்தேன். "பசை ஒத்துக்கல அண்ணி, அவ்வளவுதான்."

"சரி சரி, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே இலையில் பாயசத்தை ஊற்றினார். பந்தியில் என்னை முன்வரிசையில் வேறு உட்கார வைத்திருந்தார். மறுபடியும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அண்ணி இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பார். அண்ணி, மூன்று மாதம்தான். அதுவரை மேலே உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் — அதில் இருக்கும் பொட்டை எடுக்கும்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை.