முதல் வரிக்கு முன் ஓர் எழுத்து

என் தம்பி மருமகளின் கணினியில் ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. வலைத்தளங்களில் தான் சந்தித்த கோளாறுகளை அதில் எழுதிவைப்பாள்: கண்டது, காரணம், தீர்த்த விதம். கீழே, அப்படியே எடுத்து ஒட்டத் தக்க நிரல் துண்டு ஒன்று. பதிகங்களுக்கு உரை எழுதுவோருக்கும் இந்தச் சுருக்கம் வாய்க்கக் கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியறையே அவளுக்கு அலுவலகம். வலைத்தளங்களைப் பராமரிப்பது, பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஈராண்டு காத்திருந்து பெற்ற வேலை. மூன்று மாதம் பார்த்தபிறகே நிலையாக வைத்துக்கொள்வார்கள். முதலில் அவளிடம் வந்தது ஒரு சைவ மடத்தின் தளம். அதன் பாடல்களைச் சரிபார்க்க நான் விரும்பி முன்வந்தேன். ஒருநாள் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்துவதற்காக நிரல் கோப்பையே எனக்குத் திறந்துவைத்துவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்டப் போனாள். சுழியிடாமல் எதையும் எழுத என் கை இசையாது. முதல் வரிக்கு மேலே 'உ' என்று தட்டி, சொல்லைத் திருத்திச் சேமித்தேன்.

அன்று மதியம் முதல் அத்தளத்தினுள் எவராலும் நுழைய இயலவில்லை. குருபூசைக்குப் பெயர் பதியும் வாரம் அது. கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலிலேயே நிறுத்தியது. பக்கந்தோறும் இடது மூலையில் ஒரு சிறிய 'உ' தெரிந்தது. மடத்துத் தளத்தில் பிள்ளையார் சுழி இருந்தால் யாருக்கு ஐயம் வரும்? மடத்தார் கேட்டு வைத்தது என்றே எண்ணி, அவளும் மறுநாள் முற்பகல்வரை வேறெங்கெல்லாமோ தேடினாள்.

"இன்னிக்குள்ள சரியாகலன்னா என்னை அனுப்பிடுவாங்க பெரியமாமா."

பிறகு தன் பழைய குறிப்புகளை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். தளம் அனுப்பும் உள்நுழைவுத் தகவல், பக்கத்தின் எந்த எழுத்துக்கும் முன்னால் போக வேண்டும். கோப்பின் முதல் வரிக்கு முன் ஒரு வெற்றிடம்கூட இருக்கலாகாது என்றது ஒரு குறிப்பு. அவள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளையார் உங்க வேலையா?"

தலையசைத்தேன். சிரித்துவிட்டாள். "அழிக்க வேணாம், கொஞ்சம் தள்ளி உக்காரட்டும்" என்று, இயந்திரம் படிக்காமல் தாண்டிச் செல்லும் குறிப்பு வரிக்குள் அந்த எழுத்தை நகர்த்தினாள். தளம் திறந்துகொண்டது.

மேலாளர் அழைத்தார். "என் கவனக்குறைவு சார்" என்றாள். பிழை பொறுக்குமாறு நாள்தோறும் இறைவனிடம் பாடும் வாய் எனக்கு. அக்கணம் அது திறக்கவில்லை. அவள் முகம் வாடுவதைக் கண்டபின்பே கைப்பேசியை வாங்கினேன்.

"தம்பி, தப்பு என்னுது. கோப்பு மேல 'உ' போட்டது நான். கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான்."

"கோப்பை வெளியாள்கிட்ட குடுத்தது அவங்க தப்பு சார். இனிமே குடுக்கக் கூடாது" என்றார் அவர் கறாராக. பிறகு, "ஆனா அந்த 'உ'வை நாங்க யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம். இதை எழுதி எல்லாருக்கும் அனுப்பச் சொல்லுங்க" என்றார். வேலை நிலைத்தது.

இன்று அவள் குறிப்புகளை இணையத்தில் யாரும் படிக்கலாம். எங்கள் கோளாறும் அவற்றுள் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், 'முதல் வரிக்கு முன் ஓர் எழுத்து' என்று மட்டும். யார் இட்டது என்று ஏன் எழுதவில்லை எனக் கேட்டேன்.

"அது தெரிஞ்சா அடுத்தவங்களுக்குச் சரியாயிடுமா பெரியமாமா?" என்றாள்.