சிரிப்புக்கு ஒத்திகை

நோர்வேயில், புருசெத்தில், எங்கள் மேல்மாடியில் ஒரு கொரியத் தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் படிப்புக்காக வந்தவர்கள். உழைத்துக் காசு அனுப்புவதற்காகத் தகப்பன் கொரியாவிலேயே நின்றுவிட்டார். அவர்களிடம் இணைய இணைப்பு இல்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பதின்மூன்று வயதுக்காரி எங்கள் கணினியில் தகப்பனோடு கதைக்க வருவாள்.

வந்ததும் வாசலில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடி முன் நின்று, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்கவைத்து, விதவிதமாகச் சிரித்துப் பார்ப்பாள். வேலையிடத்து மேலாளரின் நோர்வேஜியப் பகிடிகள் விளங்காவிட்டாலும் சிரித்துவைக்கவேண்டுமே என்று, அதே கண்ணாடியில் சிரித்துப் பழகுகிறவன் நான். தொழிலில் போட்டி வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, சிரிப்புக்கும் ஒத்திகையோ?" என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் கேட்டேன்.

"ஓம் மாமா. நித்திரை வாறேல்லை, எந்த நேரமும் அழுகை வருது எண்டு தெரிஞ்சால் அப்பா பாவம்."

"உந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே பயமாக் கிடக்கு. அவர் நம்புறாரோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவரும் இப்பிடித்தான் சிரிக்கிறவர்."

அன்று ஒத்திகை இல்லாமலே போய் உட்கார்ந்தாள். கொரிய மொழியில் என்ன சொன்னாளோ, திரையில் தகப்பன் அழுதார், இவளும் அழுதாள்.

"உங்கடை வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்," என்று மனைவி என்னை முறைத்தாள்.

சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சிரிப்புக் கேட்டது. கண்ணாடி பார்க்காத சிரிப்பு.

பிறகு வந்த நாட்களிலெல்லாம் அவள் நேரே கணினிக்குத்தான் போனாள். அன்று என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி இப்போது முழுக்க எனக்குத்தான். மேலாளர் இன்னும் பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார்.