பெயருக்கு வெளியே

அம்மா தன் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயரை, சிட்னியின் லிட்கம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில், வேலையை மேற்பார்க்கும் போர்மன் காலை முதல் மாலை வரை கத்திக்கொண்டிருந்தான். அது என் அப்பாவின் பெயர். எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்லமாட்டாள். மற்றவர்களுக்கும் அவர் 'வாத்தியார்'தான். என் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் இருந்ததால், அதுவே என் பெயர் என்று இங்கே முடிவுகட்டிவிட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் நிறத்து ஆட்களை அப்போதுதான் நாட்டுக்குள் விடத் தொடங்கியிருந்தார்கள். வேலை கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து அவன் கத்தும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் ஒரு கறுப்பு அமெரிக்கன். வியட்நாம் போரின்போது விடுமுறைக்குச் சிட்னி வந்து ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்தவன். படையிலிருந்து விலகியதும் அவளுக்காகத் திரும்பி வந்தான். அவள் போய்விட்டாள், இவன் நின்றுவிட்டான். கிரேன் இறக்கும் இரும்புக் குழாய்க் கட்டுகளிலிருந்து கொக்கியைக் கழற்றுவது அவன் வேலை. முதல் நாளே என்னைப் 'பிரதர்' என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, லெபனான்காரர்களும் அவனுக்குப் பிரதர்தான். போர்மன் மட்டும் இல்லை.

அவன் காற்சட்டையின் வலப்பக்கப் பின்பையில் நீளமான பற்கள் கொண்ட சீப்பு ஒன்று எப்போதும் செருகியிருக்கும். கைப்பிடி, இறுக மூடிய கை மாதிரி செய்யப்பட்டிருந்தது. அதைக் கத்தி என்றே பலர் நம்பினார்கள். பாடச் சொல்வார்கள், குத்துச்சண்டைக்குக் கூப்பிடுவார்கள். அந்த மனிதனுக்குப் பாட்டே வராது, சண்டையும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவான், அவ்வளவுதான்.

என் மனைவியும் சளைத்தவள் இல்லை. "இஞ்சாருங்கோ, உவங்கள் பொல்லாத ஆக்களாம். படத்திலை பாக்கேல்லையே? கொஞ்சம் தள்ளியே நில்லுங்கோ."

அவனுக்கு இரண்டு பெயர்கள். பழையது, அவன் பாட்டனின் தகப்பனை அடிமையாக விலைக்கு வாங்கிய பண்ணைக்காரனுடையது. அதை உதறிவிட்டு, ஆபிரிக்க மொழி ஒன்றிலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சட்டப்படி மாற்றியிருந்தான். சம்பள உறையிலும் புதிய பெயர்தான் இருந்தது. போர்மன் மட்டும் பழைய பெயரை விடவில்லை. புதியது தன் வாயில் நுழையாது என்றான். பழைய பெயர் கேட்டால் இவன் திரும்பமாட்டான்.

"அந்த ஆள் இங்கே இல்லை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வான்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். தலைக்கு மேலே குழாய்க் கட்டு ஆடிக்கொண்டிருக்கும், கீழே நின்று இவன் முரண்டு பிடிப்பான். இது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தோடுதான் தினமும் வேலைக்குப் போனேன்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் அப்பாவின் பெயர் விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "பெயருக்கு வெளியே உன்னைக் கூப்பிட ஒருவனையும் விடாதே" என்றான். அவமதிப்பதை அவனுடைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்களாம். "நாளையிலிருந்து நீயும் திரும்பாதே, பிரதர்."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "பேர் சோறு போடுமே? கூப்பிட்டால் ஓம் எண்டிட்டுப் போங்கோவன்!" எனக்கு ரோசம் வந்தது. நாளைக்குத் திரும்பமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் என் முறை வரவே இல்லை. காலையில் கிரேனில் ஏறிய ஒரு கட்டின் சங்கிலி மெல்ல நழுவத் தொடங்கியது. அதன் கீழே அமெரிக்கன் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். நான் கூடத்தின் மறுகோடியில் இருந்தேன். இயந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அருகில் நின்ற போர்மன் கண்டுவிட்டான். ஆபத்தில் மனிதன் முதலில் பெயரைத்தான் கூப்பிடுகிறான். அவனும் கூப்பிட்டான், பழைய பெயரை, அந்தச் சத்தத்தையும் மீறி, தொண்டை கிழிய, இரண்டு தரம்.

அமெரிக்கன் திரும்பாமல் தலையை ஆட்டி, சுவரைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும்.

கட்டு சரிந்து விழுந்தது. உயிர் தப்பியது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

காயம் ஆறியதும் வந்தான். சீப்பு இடப்பக்கப் பைக்கு மாறியிருந்தது. போர்மன் எல்லோர் முன்னாலும் அவனுடைய புதிய பெயரை, மிஸ்டர் சேர்த்து, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். ஒற்றைக் கைக்காரனுக்கு இங்கே வேலை இல்லை என்பதைச் சொல்வதற்காக. அப்படியென்றால் அந்த வாய்க்கு அந்தப் பெயர் எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்த நிமிடம் போர்மனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

அமெரிக்கன் அவனை நிமிர்ந்து பார்த்து, "ஆம், நான்தான்" என்றான். பிறகு வாசலை நோக்கி நடந்தான்.

அவன் கதவைத் தாண்டுமுன்பே போர்மன் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான் சட்டென்று திரும்பினேன்.